சீல் வைக்க வந்த எறும்புதின்னியும் ஸ்கேன் பார்த்த குட்டிக்கரடியும்

ஒரு காட்டில் ஒரு கரடி நிம்மதியாகத் தூங்கி இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

கரடிகள் தூக்கத்துக்குப் பேர்போனவை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னவர் கரடிக்குட்டி வளர்த்தவராக இருக்க மாட்டார். இந்தக் கரடியின் பெயர் பொன்மணி. மலையடிவாரத்தில் கிழக்குப் பார்த்த ஒரு குகையில் குடியிருந்தாள். நல்ல குகை. மழைச்சாரல் உள்ளே அடிக்காது, பாம்பு வராது, சொந்தக்காரர்கள் மட்டும் வருவார்கள். பொன்மணிக்கு ஒரு கணவன், ஒரு மகன், வயிற்றில் நிறைமாதமாக இன்னொன்று.

கணவன் பெயர் கருத்தப்பாண்டி. கறையான் புற்று தோண்டும் வேலை. வீட்டுக்கு வந்தால் குகை வாசலில் உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. மகன் பெயர் யஷ்விக். அப்பன் கருத்தப்பாண்டி, பிள்ளை யஷ்விக். இது இப்போது எல்லாக் காட்டிலும் நடப்பதுதான். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் காடு முழுக்க அவனைப் புஜ்ஜி என்றே கூப்பிட்டது.

புஜ்ஜிக்கு வயது இரண்டரை. பொன்மணி தூங்காத காலமும் இரண்டரை வருஷம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். காலையில் எழுந்ததும் அப்பாவின் செல்போனைத் தேன்குடுவைக்குள் இறக்கிவிட்டு, அது மூழ்குகிறதா என்று எட்டிப் பார்ப்பான். பிறகு வாளியிலிருக்கும் கறையானை அள்ளிப் பாயில் விடுவான். சாயங்காலத்துக்குள் பாய் இருக்காது. கரித்துண்டால் சுவர் முழுக்கக் கிறுக்கி "யானை" என்பான். நிஜ யானை எதிரே வந்தால் அம்மா முதுகில் தாவி ஏறிக்கொண்டு "பூச்சி" என்பான். கரடிக்குட்டிகள் தாய் முதுகில் சவாரி போவது அந்த இனத்து வழக்கம். அதனால் பொன்மணிக்குக் கீழே ஒரு பாரம், மேலே ஒரு பாரம். நடுவில் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

அந்தக் காட்டு டாக்டரம்மா ஓர் ஆந்தை. தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று பொன்மணிக்குச் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுப் பொன்மணி வாய்விட்டுச் சிரித்தாள். தாய் நல்ல மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் ஸ்கேன் மையத்தில் ஒரு பெரிய பலகை தொங்கியது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம் என்று அதில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ஒரு காலத்தில் பெண்குட்டிகளின் எண்ணிக்கை ஏனோ குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பையன்களுக்குக் கட்டிவைக்கப் பெண் கிடைக்காமல் போனது. அப்போதுதான் காட்டுக்கு மனசாட்சி வந்தது.

சட்டம் வந்தாலும் ஆசை போய்விடுமா? ஸ்கேன் பார்த்துத்தானே சொல்லக்கூடாது, குழந்தையைக் கேட்டால் என்ன என்று காட்டில் ஒரு வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரியின் மூத்த குழந்தையைக் கூப்பிட்டு, உள்ளே இருப்பது தம்பியா தங்கச்சியா என்று கேட்பார்கள். பொய் சொல்லத் தெரியாத வயசு, அந்த வாயில் வந்தால் அப்படியே பலிக்கும் என்பது நம்பிக்கை.

அந்தக் கேள்வியோடுதான் ஒருநாள் மாரிக்கனி வந்தாள். அவள் கருத்தப்பாண்டியின் அக்கா, பொன்மணிக்கு நாத்தனார். அடுத்த மலையில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று ஆண்பிள்ளை பெற்றவள் என்பதை மூச்சுக்கு ஒரு தரம் சொல்லாவிட்டால் அவளுக்கு மூச்சு வராது. பை நிறையத் தேன்மிட்டாய் கொண்டுவந்திருந்தாள். பொன்மணியின் வயிற்றைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கூராக இருக்கிறது, பையன்தான் என்றாள். பிறகு உறுதி செய்துகொள்ளப் புஜ்ஜியை மடியில் இழுத்து உட்காரவைத்தாள்.

"ஏல புஜ்ஜி, அம்மா வயித்துக்குள்ள யாருல இருக்கா?"

புஜ்ஜி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பல்லி" என்றான்.

"பல்லி இல்லல. தம்பியா, தங்கச்சியா?"

இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் ஒரு குணம் உண்டு. எதைக் கடைசியாகக் கேட்கிறார்களோ அதைத் திருப்பிச் சொல்வார்கள். புஜ்ஜியும் "தங்கச்சி" என்றான். மாரிக்கனியின் முகம் தொங்கிப்போனது. அதுக்கென்ன, மகாலட்சுமி வரட்டும் என்று பெருமூச்சோடு ஒரு மிட்டாயைக் கொடுத்தாள். ஒரே தரம் கேட்டுவிட்டு விடக்கூடாது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, இந்தத் தடவை கேள்வியைத் திருப்பிப் போட்டு, தங்கச்சியா தம்பியா என்று கேட்டாள். அவனும் முறைப்படி "தம்பி" என்றான். மாரிக்கனி அவனை உச்சி முகர்ந்து, கன்னத்தைக் கிள்ளி, இரண்டு கையிலும் இரண்டு மிட்டாயை வைத்தாள்.

புஜ்ஜிக்குப் பேச்சுதான் சரியாக வரவில்லையே தவிர, விவரம் வந்துவிட்டது. தங்கச்சி என்றால் ஒன்று, தம்பி என்றால் இரண்டு. அன்றைக்கு அப்புறம் யார் கேட்டாலும் அவன் யோசிக்கவே இல்லை.

மாரிக்கனி முதலில் சொன்னதை மறந்துவிட்டு, இரண்டாவது சொன்னதை மட்டும் ஊர் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்துப் புதரில் முள்ளம்பன்றி நிறைமாதமாக இருந்தாள். அவளுடைய மாமியார் புஜ்ஜியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் மருமகள் வயிற்றைக் காட்டிக் கேட்டாள். தம்பி என்றான். இரண்டு நாளில் ஆண்குட்டி பிறந்தது. அடுத்து முயல் வீட்டில் கேட்டார்கள். அங்கேயும் தம்பி. முயலுக்கு ஏழு குட்டி பிறந்ததில் நாலு ஆண். நாலு தரம் பலித்துவிட்டது என்று காடு வாய்பிளந்தது. மூன்று தரம் பலிக்கவில்லையே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அணில் வீட்டில் பிறந்த இரண்டுமே பெண். அணில் வீட்டார் அதை வெளியே சொல்லவில்லை, கேட்டவர்களிடம் குட்டிகள் நலம் என்று மட்டும் சொன்னார்கள். ஆண் பிறந்த வீடெல்லாம் தம்பட்டம் அடித்தது, பெண் பிறந்த வீடெல்லாம் வாயை மூடிக்கொண்டது. ஆகவே புஜ்ஜியின் வாக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை என்றாகிவிட்டது.

மூன்றாம் வாரம் குகை வாசலில் வரிசை நின்றது. மான், காட்டுப்பன்றி, கீரி, லங்கூர்க் குரங்கு என்று வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே மாமியார்கள் வந்தார்கள். முட்டிமோதல் அதிகமானதால் கருத்தப்பாண்டி ஆலிலையில் எண் போட்டு டோக்கன் கொடுக்க ஆரம்பித்தான். ஒவ்வொருவரும் தேன்மிட்டாயோடு வந்தார்கள்.

பொன்மணி இதை ஏன் தடுக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் நாள் தடுக்கத்தான் எழுந்தாள். கையை ஊன்றி, மூச்சுவாங்கி, பாதி எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புஜ்ஜி ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தான். பிறந்ததிலிருந்து அவன் ஓர் இடத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. பாறைமேல் சப்பணம் போட்டு, ஒரு கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, வருகிற வயிற்றையெல்லாம் விரலால் குத்தி, தம்பி, தம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தான். செல்போன் தேனில் இல்லை. கறையான் வாளியில் இருந்தது. பொன்மணி மெல்ல உள்ளே போய் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். அரை நிமிஷத்தில் குறட்டை விட்டாள்.

தான் செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பையன் சொல்வது மிட்டாய்க்காகச் சொல்கிற பொய் என்றும் தெரியும். அதை நம்பி வரிசையில் நிற்கிற அந்தப் பெண்களில் பாதிப் பேர் நாளைக்குப் பெண் பெற்று, மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் தெரியும். அதையெல்லாம் நினைத்து அவளுக்கு மனசு உறுத்தியது. உறுத்திக்கொண்டே நன்றாகத் தூங்கினாள். மறுநாள் வரிசையில் நிற்பவர்கள் உட்கார வாசலில் ஓலைப்பாய் ஒன்றையும் விரித்துவைத்தாள்.

இப்படிப் பதினொரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் காலையில் காட்டு நிர்வாகத்திலிருந்து ஆய்வாளர் தணிகாசலம் வந்தார்.

தணிகாசலம் ஓர் எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், அக்குளில் ஒரு கோப்பு. பதில் தெரியாத கேள்வியை யாராவது கேட்டால் பந்தாகச் சுருண்டுகொள்வது அவருடைய பிறவிக் குணம். அந்த ஒரு தகுதிக்காகவே நேர்முகத் தேர்வில் அவரைத்தான் எடுத்தார்கள். உண்மை விரும்பி என்ற பெயரில் தமக்கு ஒரு புகார் மனு வந்திருப்பதாகச் சொன்னார். வரிசை இங்கே கூடிய நாளிலிருந்து ஜோசியர் நரி வீட்டு வாசலில் ஈ காக்கை கூட இல்லை என்பதைக் காடறியும். ஆனால் மனுவில் நரியின் பெயர் இல்லை.

ஆய்வாளர் கோப்பைத் திறந்து நோட்டீஸைப் படித்தார். மேற்படி குகையில் உரிமம் பெறாமல் ஸ்கேன் மையம் நடத்தி, கருவின் பாலினத்தைத் தெரிவித்து வந்தது குற்றம். ஆகவே குகைக்குச் சீல் வைக்கப்படும். கருவி பறிமுதல் செய்யப்படும்.

"எந்தக் கருவி சார்?" என்று கருத்தப்பாண்டி கேட்டான்.

ஆய்வாளர் பாறையைக் காட்டினார். கருவி அங்கே உட்கார்ந்து மூக்கு நோண்டிக்கொண்டிருந்தது.

பறிமுதலுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். கருத்தப்பாண்டி அதை வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு நிரப்பினான். கருவியின் பெயர் என்ற இடத்தில் யஷ்விக் என்கிற புஜ்ஜி என்று எழுதினான். தயாரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும் மனைவி பெயரையும் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதினான். எதில் இயங்குகிறது என்பதற்குத் தேன்மிட்டாய். சத்தம் எவ்வளவு என்பதற்கு மிகவும். அணைக்கும் பொத்தான் எங்கே உள்ளது என்று ஒரு கேள்வி இருந்தது. அதைப் பார்த்து வெகுநேரம் யோசித்துவிட்டு, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதினான்.

பொன்மணிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு வாரத்தில் பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, இரண்டாவதற்கு அவரவர் குகை என்பதுதான் கரடிகளின் முறை. மழைக்காலம் தொடங்கிவிட்டது. வேறு குகை வேண்டுமானால் ஒதுக்கீட்டுக்கு மனுப்போட்டு வரிசையில் நிற்க வேண்டும், அந்த வரிசை போன மழைக்காலத்திலிருந்து நகரவில்லை. பையனைக் கொண்டுபோனால் அரை நாளில் அவர்களே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று கருத்தப்பாண்டி அவள் காதில் சொன்னான். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டரை வருஷமாக ஒரு மணி நேரமாவது இவன் கண்ணில் படாமல் இருக்கமாட்டானா என்று ஏங்கியவள், இப்போது அவனைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டரை வயசுப் புள்ளைக்கு எங்க சார் லைசென்ஸ் வாங்குறது?" என்று கேட்டாள்.

ஆய்வாளர் சட்டென்று பந்தாகச் சுருண்டுகொண்டார்.

புஜ்ஜிக்குப் பேரானந்தம். அம்மா பிடியிலிருந்து நழுவி இறங்கி, ஆய்வாளரைத் தள்ளிப் பார்த்தான். உருண்டார். இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினான். குகை வாசலில் மூன்று சுற்று உருட்டிவிட்டு, சரிவைப் பார்த்து நான்காம் தரம் தள்ளப் போகும்போது கருத்தப்பாண்டி ஓடிவந்து பிடித்தான். ஆய்வாளர் மெதுவாக விரிந்து, செதிலைத் தட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது என்றார். "கருவி சரியா வேலை செஞ்சாத்தான் குற்றம். தப்பா வேலை செஞ்சா அது வெறும் பொம்மை. பொம்மைக்குச் சட்டம் கிடையாது."

உடனே கருத்தப்பாண்டிக்கு அணில் வீடு ஞாபகம் வந்தது. ஒரே ஓட்டமாக ஓடினான். உங்கள் வீட்டில் பிறந்தது இரண்டும் பெண்தானே, அதை வந்து ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினான். அணில் மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. அதைப் போய் அதிகாரி முன்னால் பத்துப் பேர் கேட்கச் சொல்லச் சொல்கிறாயா, நாங்கள் மானத்தோடு வாழ்கிற குடும்பம் என்று கதவைச் சாத்தினார். பெண் பிறந்த இன்னும் இரண்டு வீட்டில் போய்க் கேட்டான். எங்களிடம் உன் மகன் தங்கச்சி என்றுதான் சொன்னான், அது அப்படியே பலித்தது என்று கூசாமல் சொன்னார்கள். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

எப்படியும் கேள்விப்பட்டதெல்லாம் சாட்சி ஆகாது, ஒரு பிரசவத்தை நான் நேரில் இருந்து பார்த்தாக வேண்டும் என்றார் ஆய்வாளர். பக்கத்தில் இருக்கும் பிரசவம் எது? பொன்மணியுடையது. அவள் வயிற்றில் இருப்பது என்ன என்று கருவி முன்னமே சொல்லியிருக்கிறதா? சொல்லியிருக்கிறது, தம்பி என்று, காடு முழுக்கச் சாட்சி. ஆய்வாளர் எழுதிக்கொண்டார். ஆண் பிறந்தால் கருவி சரி, குகைக்குச் சீல். பெண் பிறந்தால் கருவி பொம்மை, வழக்குத் தள்ளுபடி.

செய்தி கேட்டு அடுத்த மலையிலிருந்து வந்து சேர்ந்திருந்த மாரிக்கனி அப்போது முன்னால் வந்தாள். தன்னிடம் இவன் முதலில் தங்கச்சி என்றும், அப்புறம்தான் தம்பி என்றும் சொன்னான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். ஆய்வாளர் புருவத்தைத் தூக்கினார். "ரெண்டும் சொன்னானா? அப்போ எது பொறந்தாலும் சரியாச் சொன்னதாத்தான் ஆகும். எது பொறந்தாலும் சீல்தான்."

மாரிக்கனி ஒரு கணம் யோசித்தாள். தனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றும், வயசாகிவிட்டதால் மறதியும் உண்டு என்றும், பையன் ஒரே ஒரு தரம் தம்பி என்று மட்டும்தான் சொன்னான் என்றும் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நடந்ததை அந்தக் காடு அதற்கு முன் கண்டதில்லை. பெண் வேண்டும் என்று எல்லோரும் வேண்ட ஆரம்பித்தார்கள்.

பையன் பிறந்தால் மொட்டை போடுகிறேன் என்று கருத்தப்பாண்டி ஆலமரத்தடிச் சாமியிடம் ஏற்கனவே வேண்டியிருந்தான். கரடி மொட்டை போடுவதென்றால் சும்மாவா, தலையிலிருந்து கால் வரைக்கும் மழிக்க வேண்டும். அவ்வளவு பெரிய வேண்டுதல். இப்போது மறுபடி போய் நின்று, போன மாதம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், தயவுசெய்து பெண்ணாகக் கொடு, அதே மொட்டையைப் பெண் பிறந்தாலும் போட்டுக்கொள்கிறேன் என்றான். சாமி எந்த மனுவை முதலில் எடுக்குமோ என்ற கவலையில் தினமும் இரண்டு வேளை போய் ஞாபகப்படுத்திவிட்டு வந்தான்.

மாரிக்கனி ஊருக்குத் திரும்பவில்லை. பொன்மணியின் வயிற்றை மறுபடி சுற்றிவந்து பார்த்து, உருண்டையாக இருக்கிறது, பெண்தான் என்றாள். ஒரு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் கூராகத் தெரிந்த அதே வயிறுதான். முகம் வெளுத்திருந்தால் பெண், இனிப்பு பிடித்தால் பெண், இடது கால் முன்னால் வைத்தால் பெண் என்று நாளொரு அடையாளம் கண்டுபிடித்தாள். பொன்மணி தெரியாமல் வலது காலை முன்னால் வைத்துவிட்டால், பின்னால் போய் மறுபடி நடந்து வரச் சொன்னாள்.

வரிசையில் நின்றவர்கள், டோக்கன் வாங்கியவர்கள், மாமியார்கள் எல்லோரும் வந்து பெண்ணே பிறக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். கருவி பறிமுதல் ஆனால் கேட்டவர்கள் மேலும் வழக்கு வரும் என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது.

பொன்மணிக்கு என்ன ஆசை என்று இத்தனை மாதத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெண் என்று சொல்லியிருப்பாள். காரணமெல்லாம் ஒன்றும் கிடையாது. பெண் என்று நினைத்தாலே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். அதை வெளியே சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வயிற்றைத் தடவும்போது மட்டும் மனசுக்குள் பேசிக்கொள்வாள். இப்போது காடே அந்த ஆசையைக் கூவிக்கொண்டு திரிந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. தன்னுடைய பெட்டியை யாரோ கேட்காமல் திறந்து, உள்ளே இருந்த நல்ல சேலையை எடுத்து மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டது போல எரிச்சலாக இருந்தது. போதாக்குறைக்கு வரிசை நின்றுபோனதால் புஜ்ஜி மறுபடி பழைய தொழிலுக்குத் திரும்பியிருந்தான். செல்போன் தேனில் கிடந்தது.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு வலி கண்டது. கருத்தப்பாண்டி டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினான். பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது. டாக்டரம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தடவித்தடவி வந்து சேர்ந்தாள். நல்லவேளையாக மாரிக்கனி மூன்று பெற்றவள், என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆய்வாளர் தணிகாசலம் சீல் வைக்கக் குழைத்த களிமண்ணோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். சீல் என்பது வாசலை அடைத்துக் களிமண் பூசி, அதில் அவருடைய வால் செதிலை அழுத்தி எடுப்பது. ஈரம் காய்வதற்குள் முடிந்தால் நல்லது என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

காடு முழுக்க வாசலில் கூடிவிட்டது. எல்லோரும் குகைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புஜ்ஜி மட்டும் களிமண்ணை எடுத்து ஆய்வாளர் முதுகில் ஒவ்வொரு செதிலாகப் பூசிக்கொண்டிருந்தான். உள்ளே பொன்மணிக்கு வலி உயிரைப் பிடுங்கியது. அந்த வலியிலும் ஒரு நினைப்பு மட்டும் தெளிவாக வந்தது. பையனாக இருந்தால் இந்தக் குழந்தை பிறந்த நிமிஷத்திலேயே குகையை இழக்கவைத்த பாவியாகிவிடும், பெண்ணாக இருந்தால் குகையைக் காப்பாற்றிய புண்ணியவதியாகிவிடும். இன்னும் கண்ணையே திறக்காத ஒன்றின் தலையில் இத்தனையும் வைக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. வலியால் அழுகிறாள் என்று நினைத்து மாரிக்கனி நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை வீறிட்டது. மாரிக்கனி அதைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் நன்றாகப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து நின்றாள்.

"பொண்ணு" என்றாள்.

காடு ஆர்ப்பரித்தது. யானைகள் பிளிறின, குரங்குகள் கிளையைப் பிடித்து உலுக்கின, தம்பி வாக்கு வாங்கிக்கொண்டு போன மாமியார்கள் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கருத்தப்பாண்டி தரையில் விழுந்து கும்பிட்டான். ஆய்வாளர் கோப்பைத் திறந்து, கருவி பழுது, வழக்கு முடிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகப் பார்த்தவரால் அசைய முடியவில்லை. முதுகில் களிமண் இறுகிவிட்டிருந்தது. நாலு பேர் சேர்ந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டியிருந்தது.

புஜ்ஜியை உள்ளே அழைத்துப்போய்க் குழந்தையைக் காட்டினார்கள். அதன் மூக்கைத் தொட்டான். காதை இழுத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டதும் அம்மாவிடம், "இது எப்பம் வீட்டுக்குப் போவும்?" என்று கேட்டான். இதுதான் அதோட வீடு என்று பொன்மணி சொன்னாள். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

மாரிக்கனி கையிலிருந்த தேன்மிட்டாய் மொத்தத்தையும் கூடையில் கொட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஆளுக்கு ஒன்று இல்லை, ஆளுக்கு இரண்டு. அந்தக் குகையில் பெண் பிறந்ததற்கு மிட்டாய் கொடுப்பது அதுதான் முதல் தடவை. கொடுத்துக்கொண்டே வந்தவள் பாதியில் கூடையைக் கருத்தப்பாண்டியிடம் தள்ளிவிட்டு உள்ளே வந்து, பொன்மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொன்மணி பயந்துபோய் என்ன மதினி என்றாள்.

"நான் இந்தக் குகையிலதான் பொறந்தேன். நான் பொறந்தப்ப எங்கப்பா மூணு நாளு இந்தப் பக்கமே வரலையாம்" என்றாள் மாரிக்கனி. "எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா."

பொன்மணிக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. குழந்தையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். மாரிக்கனி அதைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பையன்களைப் பற்றி அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கருத்தப்பாண்டி உள்ளே வந்தபோது அவன் வாய் காதுவரைக்கும் இருந்தது. சந்தோஷமா என்று பொன்மணி கேட்டாள்.

"இருக்காதா பின்ன. குகை தப்பிச்சிட்டுல்லா."

அவள் அவனையே பார்த்தாள். திட்டலாமா என்று யோசித்தாள். வெளியே தப்பட்டை அடிக்கிற சத்தம் கேட்டது, யாரோ ஆடினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். இந்தப் பெண் வளர்ந்து, நான் பிறந்த அன்றைக்கு என்னம்மா நடந்தது என்று ஒருநாள் கேட்பாள். காடே திரண்டு வந்து ஆடியது, உன் அப்பன் தரையில் விழுந்து கும்பிட்டான், உன் அத்தை ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தாள் என்று சொல்லலாம். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. எதற்காக என்று அவள் கேட்டால் மட்டும், உனக்காகத்தான் என்று ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவிட வேண்டும். அப்படி முடிவுசெய்துகொண்டு பொன்மணி மகளைப் பக்கத்தில் அணைத்துப் பால் கொடுத்தாள்.

நீதி: உங்கள் வீட்டில் பெண் பிறந்ததை ஊரே கூடிக் கொண்டாட வேண்டுமென்றால், ஆண் பிறந்தால் வீட்டுக்குச் சீல் வைக்கும்படி ஓர் அதிகாரியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.